இளம்பெண்களில் ருமாட்டிக் இதய நோய்

ருமாட்டிக் இதய நோய் என்பது, சிறுவயதில் வரும் ஒருவகைத் தொண்டை அழற்சியின் பின்விளைவாக இதய வால்வுகள் தடித்துச் சுருங்கிப் பழுதடையும் நோயாகும். இது வாத இதய நோய் என்றும் அழைக்கப்படுகிறது. உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். இவர்களில் பெண்களே அதிகம். இதய நோய் என்றதும் நடுத்தர வயதைக் கடந்த ஆணுக்கு வரும் மாரடைப்பே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் 20, 30 வயதுகளில் உள்ள பெண்களின் இதய நோய்களில் வால்வு நோய்க்கு நீண்டகாலமாகவே முக்கிய இடம் உண்டு.

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மூச்சு வாங்குதல் ஆகும். மேட்டில் ஏறினாலும், இரத்தசோகை இருந்தாலும், கருவுற்றிருந்தாலும் மூச்சு வாங்கும் என்பதால் அறிகுறி தோன்றிய பின்னும் நோய் அறியப்படாமலே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பழனி மலைத்தொடர், கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது.

தோற்றம்

குழுமம் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையில் அழற்சியை உண்டாக்குகிறது. பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் குணமாகிவிடுவர். சிலருக்கு மட்டும் 2 முதல் 4 வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. பாக்டீரியாவை எதிர்க்க உருவான நோய் எதிர்ப்பு ஆற்றல் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குவதே இதற்குக் காரணம். 5 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றனர்.

முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிப்பது ருமாட்டிக் காய்ச்சலின் முக்கிய அடையாளமாகும். சிலருக்குக் கை கால்கள் கட்டுப்பாடின்றித் துள்ளும் கொரியா என்னும் நிலை ஏற்படும். இது பெண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மூட்டு வலி சுவடின்றி மறைந்துவிடும். இதய வால்வில் ஏற்பட்ட அழற்சி தழும்பாக நிலைத்துவிடக்கூடும். மீண்டும் மீண்டும் தொண்டை அழற்சி வந்தால் ஒவ்வொரு முறையும் தழும்பு பெருகும்.

ஒரே அறையில் பலர் நெருங்கி வாழும் வீடுகளில் இந்த பாக்டீரியா எளிதில் பரவுகிறது. எனவே இது பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களைத் தாக்கும் நோயாக உள்ளது. பெண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு முழுமையான விளக்கம் இல்லை. குழந்தைகளைப் பராமரிக்கும்போது தொற்று தொற்றிக்கொள்ளும் வாய்ப்பு, மருத்துவ உதவி தாமதமாகக் கிடைத்தல், உடலின் நோய் எதிர்ப்பு இயல்பு ஆகியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன.

வால்வு சுருங்கும்போது நிகழ்வது

இந்நோயில் அதிகம் பாதிக்கப்படுவது மைட்ரல் வால்வாகும். நுரையீரலில் இருந்து வரும் இரத்தம் இதயத்தின் இடது மேலறையில் சேர்ந்து, இந்த வால்வு வழியாக இடது கீழறைக்குச் செல்கிறது. இயல்பான மைட்ரல் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும். இதழ்கள் ஒட்டிக்கொண்டு திறப்பு 1.5 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்கும் கீழே குறையும்போது அது கடுமையான சுருக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இதயத்தின் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் இரத்தம் இந்த வால்வைக் கடக்கிறது. இதயம் வேகமாகத் துடித்தால் இந்த இடைவெளி குறுகிவிடும். அப்போது சுருங்கிய வால்வு வழியாகப் போதிய இரத்தம் கடக்க முடியாமல் பின்னே தேங்கி, நுரையீரலில் அழுத்தம் கூடி, மூச்சுத் திணறல் உண்டாகிறது. ஓய்வில் நலமாக இருக்கும் பெண் மேடு ஏறும்போதும், காய்ச்சலின்போதும், இரத்தசோகையிலும், கர்ப்பத்திலும் திடீரெனத் திணறுவதற்கு இதுவே காரணம். இவை ஒவ்வொன்றும் இதயத் துடிப்பை விரைவுபடுத்துபவை.

மேலை நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் வால்வுச் சுருக்கத்தின் அறிகுறிகளுக்கும் இடையே 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிவது வழக்கமாக இருந்தது. இந்தியாவில் இந்த இடைவெளி மிகவும் குறுகியது. 20 வயதுக்குக் கீழேயே கடுமையான மைட்ரல் சுருக்கம் ஏற்படுவதை இந்திய மருத்துவர்கள் 1960களில் விவரித்தனர். படிப்பு, திருமணம், முதல் குழந்தை ஆகியவை நிகழும் அதே ஆண்டுகளில் நோயும் வெளிப்படுகிறது.

அறிகுறிகள்

தொடக்கத்தில் வேலை செய்யும்போது மட்டும் மூச்சு வாங்கும். பழனி முருகன் கோயிலுக்கு 693 படிகள் உள்ளன. முன்பு ஒரே மூச்சில் ஏறியவர் இப்போது பத்துப் படிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தால், அந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. ஒருவருக்கு மூச்சு வாங்குகிறதா என்பதைவிட, சென்ற ஆண்டு செய்த அதே வேலையை இந்த ஆண்டு செய்ய முடிகிறதா என்ற கேள்வியே பயனுள்ளது.

நோய் முற்றும்போது பின்வருவன தோன்றலாம்:

- படுத்தால் மூச்சு முட்டுதல், தலையணைகளை உயர்த்தி வைத்து உறங்குதல்
- நள்ளிரவில் மூச்சுத் திணறி விழித்து எழுந்து உட்காருதல்
- வறட்டு இருமல், சளியில் இரத்தம்
- நெஞ்சு படபடப்பு, ஒழுங்கற்ற நாடித்துடிப்பு
- கால் வீக்கம், எளிதில் களைப்பு

இவை ஒவ்வொன்றும் வேறொரு நோயாக எண்ணப்படக்கூடியவை. இருமலும் இரத்தமும் காசநோயாகவும், இரைப்பு ஆஸ்துமாவாகவும், படபடப்பு பயமாகவும் மனக்கவலையாகவும், களைப்பு இரத்தசோகையாகவும் கருதப்படுகின்றன. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளது. எனவே களைப்புடன் வரும் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவது பெரும்பாலும் சரியான சிகிச்சையே. மாத்திரை உண்டபின்னும் மூச்சு வாங்குதல் நீடித்தால் இதயத்தைச் சோதிக்காமல் விடுவதே தவறாகும்.

சில பெண்களுக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக இருக்கும். விரிந்த மேலறையில் உறைந்த இரத்தக்கட்டி மூளை நாளத்தை அடைப்பதால் இது நேர்கிறது.

பழனி மலைப்பகுதியின் சூழல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையான பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கே இருக்கும். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. நலமான உடல் இதற்குப் பழகிவிடும். வால்வு சுருங்கி நுரையீரல் நாளங்களில் அழுத்தம் கூடியவருக்கு, ஆக்சிஜன் குறைவு அந்த நாளங்களை மேலும் இறுக்குகிறது. சமவெளியில் மெல்ல வெளிப்படும் நோய் மலையில் சற்று முன்னதாகவே தெரியக்கூடும்.

ஆனால் மலைவாழ் மக்களிடையே மூச்சு வாங்குவது அன்றாட நிகழ்வு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை போன்ற மேல்மலைச் சிற்றூர்களில் பெண்கள் சரிவான நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் பயிர்களில் வேலை செய்கின்றனர். விறகும் தண்ணீரும் சுமந்து மேடேறுகின்றனர். அங்கு ஒரு பெண் நின்று மூச்சு வாங்கினால் அது மேட்டின் குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மூச்சு வாங்குபவர் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்வார், சுமையைக் குறைப்பார், பிறகு மேடேறுவதையே தவிர்ப்பார். இவ்வாறு வேலையைச் சுருக்கிக்கொள்வதால் அறிகுறியும் மறைந்துவிடுகிறது.

தொலைவும் மற்றொரு தடையாகும். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உள்ளது. இதய ஊடுகுழாய்ச் சிகிச்சை போன்றவற்றுக்கு மலைச்சாலையில் வத்தலக்குண்டு வழியாக இறங்கி, ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டும். மேல்மலை ஊர்களில் இருந்து கொடைக்கானலை அடைவதற்கே தனியே நேரம் ஆகும். பெரியகுளம் பக்கச் சரிவில் உள்ள வெள்ளகவி போன்ற ஊர்களில் வாகனச் சாலை இன்றி, நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கிச் செல்லும் நிலை நெடுங்காலம் இருந்தது. ஒரு நாள் கூலியை இழந்து, குழந்தைகளை யாரிடமாவது விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பதால், பொறுத்துக்கொள்ளக்கூடிய மூச்சுத் திணறலுக்காக எந்தப் பெண்ணும் எளிதில் மலை இறங்குவதில்லை.

கண்டறிதல்

1816இல் பாரிசில் இதய நோய் அறிகுறிகளுடன் வந்த ஓர் இளம்பெண்ணைச் சோதிக்கும்போது, அவர் மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்கத் தயங்கிய ரெனே லென்னெக் என்னும் மருத்துவர், தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாகக் கேட்டார். அதிலிருந்தே ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இன்றும் இளம்பெண்ணின் மார்பைச் சோதிப்பதில் இரு தரப்பிலும் தயக்கம் உள்ளது. மைட்ரல் சுருக்கத்தின் முணுமுணுப்பு ஒலி மிகத் தாழ்ந்தது. நோயாளியை இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் செய்து, அமைதியான அறையில், ஆடையின் மேல் அல்லாமல் தோலின் மேல் கருவியை வைத்துக் கேட்க வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில், புடவையின் மேல் வைத்துக் கேட்டால் அது தவறிவிடும்.

தொடக்க நிலையில் ஈசிஜி இயல்பாகவே இருக்கலாம். எக்கோ எனப்படும் மீயொலிச் சோதனையே நோயை உறுதி செய்கிறது. வால்வின் திறப்பு, இதழ்களின் தடிப்பு, கசிவு, நுரையீரல் நாள அழுத்தம் ஆகியவற்றை ஊசியோ வலியோ இன்றி இது காட்டும். கர்ப்பிணிகளுக்கும் இது பாதுகாப்பானது.

நோயாளிகளில் பலருக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்த நினைவே இருப்பதில்லை. ஆகவே அத்தகைய வரலாறு இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

இளம்பெண்களுக்கு வேறு இதய நோய்களும் வருவதுண்டு. பிறவியிலேயே மேலறைச் சுவரில் உள்ள துளை வளர்ந்த பின்னரே தெரியவரலாம். பேறுகாலத்தின் இறுதி மாதத்திலோ அதற்குப் பின் 5 மாதங்களுக்குள்ளோ இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் உண்டு. சர்க்கரை நோய், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகியவை பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலியே முதன்மை அறிகுறி. அதனுடன் தாடை, முதுகு வலி, குமட்டல், மிகுந்த களைப்பு ஆகியவை சேர்ந்து வருவது பெண்களிடம் கூடுதல். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன. நீண்ட மலைச்சாலையில் இறங்க வேண்டியவர்களுக்கு இது முக்கியமானது.

கர்ப்பமும் நோயும்

கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுகிறது. இதயத் துடிப்பும் நிமிடத்திற்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. சுருங்கிய வால்வால் இவ்விரண்டையும் தாங்க இயலாது. அதுவரை எந்தத் தொல்லையும் அறியாத பெண் ஆறாம், ஏழாம் மாதத்தில் நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனைக்கு வருவதுண்டு. 2016 முதல் 2019 வரை சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதய நோயுள்ள பெண்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். அவற்றுள் ருமாட்டிக் இதய நோயே முதலிடம் பெற்றது. பலருக்கு நோய் முதன்முதலாகக் கர்ப்பத்தின்போதுதான் கண்டறியப்பட்டது.

கர்ப்பத்தில் ஓரளவு மூச்சு வாங்குவது இயல்பே. ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவதும், இரவில் திணறி எழுவதும், சளியில் இரத்தம் வருவதும் இயல்பல்ல. இவை இருந்தால் உடனே எக்கோ எடுக்க வேண்டும்.

பிரசவம் முடிந்தவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கருப்பை சுருங்கும்போது அங்கிருந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்புவதால், பிரசவத்தை அடுத்த முதல் மூன்று நாட்கள் மிகுந்த கவனத்துக்குரியவை. மலையில் வாழும் கர்ப்பிணி, வலி வந்தபின் இறங்குவதைவிட, நாள் நெருங்கும் முன்பே இதயச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அருகில் வந்து தங்குவது நல்லது.

சிகிச்சை

நீர் பிரியச் செய்யும் மருந்துகளும் துடிப்பைத் தணிக்கும் மருந்துகளும் மூச்சுத் திணறலைக் குறைக்கும். ஆனால் அவை வால்வைத் திறப்பதில்லை.

சுருங்கிய வால்வைத் திறக்கும் முயற்சிகளின் வரலாற்றில் இளம்பெண்களுக்குத் தனி இடம் உண்டு. 1923இல் பாஸ்டனில் எலியட் கட்லர் ஒரு சிறுமிக்கும், 1925இல் லண்டனில் ஹென்றி சவுட்டர் ஓர் இளம்பெண்ணுக்கும், 1948இல் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி 24 வயதுப் பெண்ணுக்கும் மைட்ரல் வால்வு அறுவைச் சிகிச்சை செய்தனர். சவுட்டரின் நோயாளி நலம் பெற்றும், இதயத்தில் கத்தி வைக்கலாகாது என்ற எண்ணத்தால் அவருக்கு அடுத்த நோயாளியை எந்த மருத்துவரும் அனுப்பவில்லை.

தமிழ்நாட்டில் இச்சிகிச்சை வேரூன்றியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆகும். அங்கு அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1949இல் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். அந்நிறுவனத்தை உருவாக்கிய ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இன்றிப் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் பயின்றவர். இவர் தம் இறுதிக்காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 1960 மே மாதம் அங்கேயே காலமானார்.

இந்தியாவின் முதல் பெண் இதய நோய் மருத்துவராகப் போற்றப்படும் எஸ். பத்மாவதி, பர்மாவில் பிறந்து இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்துடன் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னர் தில்லியில் ருமாட்டிக் இதய நோய் குறித்து ஆராய்ந்தார். 1992இல் பத்ம விபூஷண் விருது பெற்ற இவர், 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார்.

இன்று பல நோயாளிகளுக்கு நெஞ்சைத் திறக்காமலேயே வால்வை விரிக்க முடிகிறது. ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1980களில் அறிமுகப்படுத்திய முறையில், தொடை நாளம் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, அதன் நுனியில் உள்ள பலூனை வால்வினுள் விரிப்பர். ஒட்டிய இதழ்கள் பிரிந்து திறப்பு ஏறக்குறைய இருமடங்காகும். தேவையானால் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலும் இதைச் செய்யலாம். இதழ்கள் மிகவும் கெட்டித்திருந்தாலோ, கசிவு அதிகமாக இருந்தாலோ, மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ இம்முறை பொதுவாகப் பொருந்தாது. அப்போது செயற்கை வால்வு பொருத்த நேரிடும்.

திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலையைத் தாங்க இயலாத நோயாளிகளுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தகுதியுள்ள குடும்பங்கள் இதய அறுவைச் சிகிச்சைகளைக் கட்டணமின்றிப் பெறலாம்.

நோயுடன் வாழ்தல்

வால்வை விரித்த பின்னும் நோய் முடிந்துவிடுவதில்லை. மீண்டும் தொண்டைத் தொற்று வராமல் தடுக்க, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசி போட வேண்டும். வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்கு இது கடைசிக் காய்ச்சலில் இருந்து 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, எது பிந்தியதோ அதுவரை பரிந்துரைக்கப்படுகிறது. ஊசி வலிமிக்கது. பெண்ணுக்குத் திருமணமாகி ஊர் மாறும்போது இது நின்றுபோவது உண்டு. புகுந்த வீட்டில் நோயைச் சொல்லத் தயங்குவதும், பழைய மருத்துவமனைச் சீட்டைத் தாய்வீட்டிலேயே விட்டுவருவதும் இதற்குக் காரணங்களாகின்றன.

உலோக வால்வு பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்ண வேண்டும். ஐஎன்ஆர் என்னும் இரத்தச் சோதனையைக் காலந்தோறும் செய்து மாத்திரையின் அளவைத் திருத்த வேண்டும். கீரை, முட்டைக்கோஸ் போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். எனவே இவற்றை அடியோடு விலக்காமல் வாரந்தோறும் ஒரே அளவில் உண்ண வேண்டும். வார்ஃபரின் மருந்து கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். ஆனால் தாமாகவே மருந்தை நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகையால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசித் திட்டமிடுவது இன்றியமையாதது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் பல வால்வு நோயாளிகளுக்கு ஏற்றவையல்ல என்பதால் கருத்தடை முறையையும் கேட்டே தேர்வு செய்ய வேண்டும்.

நெஞ்சில் தழும்புள்ள பெண்ணுக்குத் திருமணப் பேச்சில் தயக்கம் எழுவதும், குழந்தை பெற முடியாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் நோயைவிடக் கூடுதலான துன்பம் தருகின்றன. உண்மையில் இது வால்வின் நிலையைப் பொறுத்தது. கடுமையான சுருக்கம் உள்ளபோது கருத்தரிப்பது ஆபத்தானது. வால்வை விரித்த பின்னர், மருத்துவக் கண்காணிப்புடன் பலர் நலமாகக் குழந்தை பெற்றுள்ளனர். நோயை மறைத்து நடக்கும் திருமணத்தில் மருந்தும் மறைவாகவே உண்ணப்பட்டு, ஒரு நாள் நின்றுபோகும். எனவே வீட்டாருக்கு நோய் தெரிந்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

தடுப்பு

பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சிக்கு உரிய காலத்தில் பென்சிலின் வகை மருந்தை முழுமையாகக் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். குழந்தைக்குத் தொண்டை வலி வந்து சில வாரங்களில் மூட்டுகள் மாறி மாறி வீங்கினால், அதை வளர்ச்சி வலி என்று விடாமல் இதயத்தைச் சோதிக்க வேண்டும். காற்றோட்டமான, நெரிசல் குறைந்த வீடுகள் தொற்றைக் குறைக்கும். மேலை நாடுகளில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தபோது, பென்சிலின் வருவதற்கு முன்பே இந்நோய் குறையத் தொடங்கியது. 2018 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் காய்ச்சலையும் ருமாட்டிக் இதய நோயையும் தடுப்பதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது.

வயதுக்கு மீறி மூச்சு வாங்கும் பள்ளி மாணவி, மேடேற அஞ்சும் இளம்பெண், உட்கார்ந்தே உறங்கும் கர்ப்பிணி ஆகியோருக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்தால், இந்நோயைச் சிகிச்சைக்கு உரிய காலத்திலேயே கண்டறிய முடியும்.